ஜீனோவும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



காலையில் இருட்டோடு எழுந்து காட்டுக்குப் போய், பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வந்து, வீட்டு வேலையும் முடித்த பிறகு வானொலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, மாணவ மணிகளே! இன்று நாம் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "பாடத்தை விட்டுவிட்டுக் கதையா?" என்று கேட்டுவிட வேண்டாம். சில கதைகள் பாடத்தைவிட அதிகமாக நம்மைச் சிந்திக்க வைக்கும். இது அப்படிப்பட்ட ஒரு கதை.

புத்தகத்தின் பெயர் 'என் இனிய இயந்திரா'. எழுதியவர் சுஜாதா. ரங்கராஜன் என்பது அவருடைய இயற்பெயர். 1935இல் பிறந்து 2008இல் மறைந்தவர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். இந்தியாவில் தேர்தலுக்குப் பயன்படும் மின்னணு வாக்குப் பெட்டியை உருவாக்கியதில் அவருக்கும் பங்குண்டு. ஆகவே, இயந்திரங்களோடு பழகிய கைதான் இந்தக் கதையையும் எழுதியது. 1980களில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் தொடராக வந்து, பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. தமிழில் விஞ்ஞானக் கதை என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

நாங்கள் இந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்த இடம் சிங்கப்பூர், குவீன்ஸ்டவுன். எங்கள் சித்தப்பா வாலிபத்தில் ஜொகூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து வேலை தேடி அங்கே போனவர். ஒரு பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அவர் வீட்டில் போய்த் தங்கினோம். வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் ஒரு நூலகம். 1970 ஏப்ரல் 30ஆம் நாள் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் முழுநேரக் கிளை நூலகம் என்ற பெருமை அதற்கு உண்டு. அங்கே தமிழ்ப் புத்தக அடுக்கில் இது இருந்தது. சித்தி தம் அட்டையில் எடுத்துக் கொடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் ஒரு முறை வாசித்த கதைதான். ஆனால் பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, பிறர் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் வயதில் மறுபடி வாசித்தபோது, அது வேறு கதையாகத் தெரிந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

காலம் 2021. இடம் இந்தியா. நாட்டை ஜீவா என்ற ஒருவர் ஆளுகிறார். எங்கு பார்த்தாலும் அவர் முகம், அவர் குரல். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் எதுவும் மக்கள் விருப்பப்படி நடப்பதில்லை. யாருக்கும் நீண்ட பெயர் கூடாது, இரண்டு எழுத்துத்தான். நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டுமானால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அப்படி அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கிறாள் நிலா. அவள் வீட்டில் ரவி என்பவன் வந்து தங்குகிறான். அவனோடு ஓர் இயந்திர நாய்; அதன் பெயர் ஜீனோ. சில நாளில் நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். கணவனைத் தேடிப் போகும் நிலா, ஜீவாவின் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிடும் ரவி, மனோ ஆகியோரின் கையில் ஒரு கருவியாகிறாள். கடைசியில் தெரியவரும் உண்மை என்ன? ஜீவா என்று ஓர் ஆளே இல்லை! அது ஒளியால் ஆன வெறும் பிம்பம். இல்லாத ஒருவருக்குத்தான் ஒரு நாடே பயந்து கிடந்திருக்கிறது.

சரி, இந்தக் கதையில் நம்மைக் கட்டிப்போடுவது எது?

முதலாவது, ஜீனோதான். அது இயந்திரம். ஆனால் புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்கக் கேள்வி கேட்கிறது. கேள்வி கேட்கக் கேட்க, சுற்றியிருக்கும் மனிதர்களைவிட மனிதத்தன்மை மிகுந்ததாக ஆகிறது. எங்கள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது, படிக்கச் சலித்துக்கொள்ளும் பையன்கள்கூட ஜீனோ வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "நாய் படிக்குது, நமக்கு என்ன கேடு?" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நூறு முறை "படியுங்கள்" என்று நாங்கள் சொன்னதை ஜீனோ ஒரே நாளில் சொல்லிவிட்டது.

இரண்டாவது, சுஜாதாவின் நடை. சின்னச் சின்ன வாக்கியம். விஞ்ஞானத்தை விளக்குகிறேன் என்று அவர் கரும்பலகையின் முன் நிற்பதில்லை. கதை ஓடுகிற ஓட்டத்தில் அது தானாகக் காதில் விழும். ஆறாம் ஆண்டு மாணவனும் வாசிக்கலாம். அவன் பாட்டியும் வாசிக்கக் கேட்கலாம்.

மூன்றாவதுதான் மிகவும் முக்கியம். இந்தக் கதை நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது: உன் பெயர், உன் வீடு, உன் பிள்ளை இவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன?

குவீன்ஸ்டவுன் வீட்டில் நாங்கள் இதைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை பெற அனுமதி வாங்கும் இடம் வந்தது. "என்ன கற்பனை!" என்றோம். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இதுல என்ன அதிசயம்? உன் சித்திக்கு மூணாவது வயித்துல இருந்தப்போ, பார்க்கிறவங்க எல்லாம் 'இன்னுமா'ன்னுதான் கேட்டாங்க. எங்களுக்கு இது கதையாவே தெரியல."

அவர் சொன்னதில் பொருள் உண்டு. மக்கள்தொகை கூடிவிடும் என்ற கவலையில் சிங்கப்பூர் அரசாங்கம் 1972இல் 'இரண்டு போதும்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பிரசவக் கட்டணமும் ஏறியது. பிறகு பிறப்பு குறைந்துபோகவே, 1987இல் கொள்கை மாறி, வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. கட்டணம் வேறு, கதையில் வரும் கட்டாயம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் சுஜாதா எங்கோ வானத்திலிருந்து கற்பனையைப் பிடித்து வரவில்லை, தம் காலத்து உலகத்தைப் பார்த்துத்தான் எழுதினார் என்பது விளங்குகிறதல்லவா? இந்தியாவிலும் 1975, 76ஆம் ஆண்டுகளில், நெருக்கடி நிலையின்போது, கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு நடந்ததை நாடு அறியும்.

நம் தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய காலத்தில் வாழ்ந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். வீடு தோட்டத்தினுடையது, தண்ணீர் தோட்டத்தினுடையது, மருந்துக்கொட்டகையும் ஆயாக்கொட்டகையும் தோட்டத்தினுடையவை. பெயரைச் சுருக்குவதும் நமக்குப் புதிதன்று. பிறப்புப் பத்திரத்தில் யாரோ தப்பும் தவறுமாக எழுதிவிட்ட பெயரைத் திருத்த அலைந்த குடும்பம் நம் லயத்திலேயே எத்தனை! ஆகவே, இந்த நாவலை நகரத்துப் படிப்பாளிகளைவிட நாம் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும் என்றே நாங்கள் கருதுகிறோம்.

நேயர்களே, கதை சொன்ன 2021ஆம் ஆண்டு வந்தும் போய்விட்டது. கதையில் வந்தது போல இயந்திர நாய் வந்ததா?

வந்தது. அதுவும் சிங்கப்பூரிலேயே வந்தது! 2020 மே மாதத்தில், கொரோனா தொற்று பரவியிருந்த நேரத்தில், பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் மஞ்சள் நிறத்தில் நான்கு கால் இயந்திரம் ஒன்றை நடமாட விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்பாட் என்பது அதன் பெயர். பூங்காவுக்கு வருவோர் ஒருவரையொருவர் நெருங்காமல் இடைவெளி விட்டு நடக்கும்படி, பதிவு செய்து வைத்த குரலில் அது சொல்லிக்கொண்டே போகும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கணக்கிட அதில் கேமராவும் இருந்தது. தூரத்திலிருந்து ஒருவர் அதை இயக்கினார். நோய் பரவாமல் மக்களைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு நாய்களையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கதையில் வந்த நாய் புத்தகம் படித்துக் கேள்வி கேட்டது. பூங்காவில் வந்த நாய், சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னது. இயந்திரம் எப்படி இருக்கும் என்பது இயந்திரத்தின் கையில் இல்லை. அதைச் செய்து நிறுத்துகிறவர்கள் எதற்காகச் செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இனி, குறைகளுக்கு வருவோம். நல்ல புத்தகத்திலும் குறை பார்க்கத் தெரிய வேண்டும். அப்போதுதான் படிப்பு முழுமை பெறும்.

சின்னக் குறைகள் சில. வாரப் பத்திரிகைக்கு எழுதிய கதை ஆதலால், ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கிடும் திருப்பம் தேவைப்பட்டிருக்கிறது. அதனால் சில இடங்களில் கதை மூச்சு வாங்க ஓடுகிறது. நின்று யோசிக்க விடுவதில்லை. ஜீனோவுக்குச் சுயமாகச் சிந்திக்கும் அறிவு எப்படி வந்தது என்பது தெளிவாகாமலே போகிறது. எங்கும் தெரியும் ஆட்சியாளர் முகம், திடீரென்று மறைந்துபோகும் மனிதர்கள் ஆகியவை, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' என்ற நாவலை நினைவூட்டுகின்றன. இதைப் பெரிய குற்றமாக நாங்கள் சொல்லவில்லை. ஒரு தோட்டத்து ஒட்டுக்கன்றை இன்னொரு தோட்டத்தில் நட்டு வளர்ப்பது போலத்தான். மண் வேறானால் பாலும் கொஞ்சம் வேறாகும்.

கொஞ்சம் பெரிய குறை, நிலா. கதையின் நடுவில் நிற்பவள் அவள்தான். ஆனால் பல இடங்களில் அவளைப் பிறர்தாம் நடத்துகிறார்கள். முதலில் அரசாங்கம், பிறகு ரவியும் மனோவும், ஆபத்து வந்தால் ஜீனோ. காட்டுக்கும் போய் வீட்டையும் நடத்தும் நம் பெண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிலா இன்னும் கொஞ்சம் தன் காலில் நின்றிருக்கலாமே என்று தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய குறையை எங்களுக்குக் காட்டியவள் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி. அவளுடைய அம்மா பால் வெட்டுகிறவர். கதையைச் சொல்லி முடித்ததும் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், அந்த ஊர்ல காலையில வேலைக்குப் போறவங்க யாரு?"

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த நாட்டில் மக்கள் உண்ணுகிறார்கள், உடுத்துகிறார்கள், வாகனத்தில் போகிறார்கள். அரிசியை விளைவித்தது யார்? வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் எங்கிருந்து வந்தது? குப்பையை வாரியது மனிதனா, இயந்திரமா? நாவல் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஜனங்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகவே போகிறார்கள். ஆட்சியைக் கவிழ்ப்பது இரண்டொரு கெட்டிக்காரர்கள். காப்பாற்றுவது ஒரு நாய். உழைக்கிற மக்கள் சேர்ந்து தங்களுக்காக ஏதேனும் செய்துகொள்ள முடியும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ரோபோ' என்று இன்று எல்லாரும் சொல்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில்தான் அது முதலில் வந்தது. அவர் மொழியில் 'ரோபோட்டா' என்றால், நில உடைமையாளருக்குக் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலை. அதாவது, அந்தச் சொல்லே உழைப்பாளியின் வியர்வையிலிருந்து பிறந்தது! அவர் நாடகத்தில் ரோபோக்கள் தொழிற்சாலையில் செய்யப்படும் வேலையாட்கள். ஆக, விஞ்ஞானக் கதைக்கும் கூலி உழைப்புக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நம் நாவல் அந்த உறவைக் கொஞ்சம் மறந்துவிட்டது.

அந்த மாணவியின் கேள்விக்குப் பதிலாக, "நீங்களே எழுதுங்கள்" என்று வகுப்புக்குக் கட்டுரை கொடுத்தோம். ஜீனோவின் காலத்தில் நம் தோட்டம் எப்படி இருக்கும் என்பது தலைப்பு. பால் சுமக்கும் இயந்திர யானை, அட்டையைப் பிடித்துத் தின்னும் இயந்திரக் கோழி என்று என்னென்னவோ வந்தன. கேள்வி கேட்ட பெண் எழுதியது அரைப் பக்கந்தான். அதன் சாரத்தைச் சொல்கிறோம். பால் வெட்டும் இயந்திரம் ஒன்று தோட்டத்துக்கு வருகிறது. அம்மாவை இனிக் காலையில் எழுந்து போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அம்மா மகிழ்ச்சியோடு விடியும்வரை தூங்குகிறாள். அடுத்த மாதம், வேலை இல்லாதவர்களுக்கு வீடு இல்லை என்று கடிதம் வருகிறது. அவ்வளவுதான் கதை.

அதற்கு மதிப்பெண் போட எங்களுக்குக் கை வரவில்லை.

பால் வெட்டும் இயந்திரங்களைச் சில நாடுகளில் சோதித்து வருகிறார்கள் என்பது உண்மை. மழைக்காலத்து வழுக்கலிலும் கொசுக்கடியிலும் மனிதர் படும் பாடு குறைந்தால் நல்லதுதானே? இயந்திரத்தை நாம் பகைக்க வேண்டியதில்லை. பகைக்க வேண்டியது, வேலை போனால் கூரையும் போகும் என்ற அந்த ஏற்பாட்டை. குவீன்ஸ்டவுனில் சித்தப்பா சொன்ன இன்னொரு சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரின் முதல் துணைநகரம் அது. மகாராணியார் எலிசபெத் முடிசூடிய 1953ஆம் ஆண்டில், அவர் நினைவாக அந்தப் பெயர் வைத்தார்கள். அடுக்குமாடி வீடுகளை மக்களுக்கே விலைக்குக் கொடுக்கும் திட்டம் 1964இல் அங்கேதான் தொடங்கியது. "நாலு வேலை மாறிட்டேம்மா, வீடு மட்டும் மாறல" என்றார் சித்தப்பா. அந்த மாணவியின் அரைப் பக்கக் கதைக்கு அதுதான் பதில் என்று எங்களுக்குப் பட்டது.

நம் நாட்டிலும் அதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதனால் நம் மக்கள் தவித்த காலத்தில், துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால் வெட்டிய கைகளே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கின. அங்கே காப்பாற்ற ஜீனோ வரவில்லை. மக்களே சேர்ந்து செய்தார்கள். சுஜாதாவின் கதையில் விட்டுப்போன அத்தியாயம் இதுதான் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

அப்படியானால் இந்த நாவலைப் படிக்கலாமா? கட்டாயம் படிக்கலாம். வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். பிள்ளை வாசிக்கட்டும், அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்கட்டும். வாசித்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் முடிவெடுப்பது யார்? வேலை செய்வது யார்? நாம் இதில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? பிள்ளை சொல்லும் பதில் சரியா தப்பா என்று பார்க்க வேண்டாம். பதில் சொல்லப் பழகுவதே பெரிய பாடம்.

ஓர் எழுத்தாளர் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது. பெங்களூரில் இருந்தவருக்கு நம் பால்மரக் காடு கண்ணில் படாதது அவர் குற்றமும் அன்று. காட்டைத் தெரிந்தவர்கள்தாம் காட்டின் கதையை எழுத வேண்டும். இயந்திர நாயே படித்துச் சிந்திக்கிறது என்று அவர் எழுதி வைத்தார். படிக்கவும் சிந்திக்கவும் எழுதவும் கூடிய பிள்ளைகள் நம் லயத்து வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தப் புத்தகம் போய்ச் சேரட்டும். அதோடு ஓர் எழுதுகோலும் இருக்கட்டும்.

அந்த அரைப் பக்கக் கதையை எழுதிய பெண்ணிடம், "இதற்கு இன்னும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா; கடிதம் வந்த பிறகு அம்மா என்ன செய்தாள் என்று எழுது" என்று சொல்லியிருக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கிறாள்.